பெரியம்மாவுக்கு 80 வயது, ஊர் சேர்ந்து என்ன செய்யலாம்?

பலாச்சுளை (இழையைத் தொடங்கியவர்) · திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் எங்கள் பெரியம்மாவுக்கு 80 முடிகிறது. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியில் இருக்கிறார். தையல் மெஷின்தான் பிழைப்பு. எந்தச் சங்கத்துக்கும் தலைவியாக இருந்ததில்லை, எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை கிடையாது. ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஊரில் கண் முகாம் என்றால் அவர், அறிவொளி எழுத்தறிவு வகுப்பு என்றால் அவர், போலியோ சொட்டு மருந்து என்றால் அவர். கஜா புயலுக்கு அப்புறம் தண்ணீர் வண்டியை எந்தத் தெருவுக்கு முதலில் விடுவது என்றாலும் அவரிடம்தான் வந்து நின்றார்கள்.

இளவட்டங்கள் வாட்ஸ்அப் குழுவில் விழா எடுக்கலாம் என்கிறார்கள். ஃப்ளெக்ஸ், மேடை, ஷீல்டு, யாராவது ஒரு பிரமுகர். இன்னொரு கூட்டம், நம்ம பக்கத்து வழக்கப்படி மொய் விருந்தே வைத்து, வருகிற பணத்தை அவர் பெயரில் வங்கியில் போட்டுவிடலாம் என்கிறது. எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. சரி, நீ சொல்லு என்றால் என்னிடமும் பதில் இல்லை. உங்கள் ஊர்களில் இப்படிப்பட்டவர்களுக்கு என்ன செய்தீர்கள்?

கீழவீதி · திங்கள், இரவு 10.15

எங்கள் ஊரில் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. நூலகத்தில் வருஷக்கணக்காக வாசகர் வட்டம் நடத்திய ஓர் அம்மாவுக்குப் பாராட்டு விழா. ஆறு மணி என்று போட்டு எட்டரைக்குப் பிரமுகர் வந்தார். அம்மாவின் பெயரைத் தப்பாகச் சொன்னார். அம்மாவுக்குப் போர்த்திய பொன்னாடையையே மடித்து எடுத்து அடுத்தவருக்கும் போர்த்தினார்கள். கடைசியில் அவர் கைக்கு மைக் வந்தபோது பந்தல்காரர் பின்வரிசை நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

விழா கிடக்கட்டும். 'அவர், அவர்' என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் உண்மையில் என்ன செய்வார்? ஏதாவது ஒரு காரியத்தை எடுத்து முழுசாக எழுதுங்களேன்.

பலாச்சுளை · செவ்வாய், காலை 6.50

நல்ல கேள்வி. ராத்திரி யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். கண் முகாமையே சொல்கிறேன்.

பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம். மதுரையிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள், பள்ளிக்கூடத்தில் வரிசையாகப் பார்க்கிறார்கள், புரை உள்ளவர்களை பஸ்ஸில் ஏற்றிப்போய் இலவசமாக ஆபரேஷன் செய்து திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். இதில் பெரியம்மாவுக்கு என்ன வேலை என்று சின்ன வயதில் நானும் நினைத்ததுண்டு.

அவருடைய முகாம் திண்ணையில் ஒரு மாதம் முன்னாலேயே தொடங்கிவிடும். அளவு ஜாக்கெட் கொண்டுவந்து கொடுக்கிற பெண்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போவார்களா? 'எங்க மாமியா சோத்துல கெடக்குற கல்லு தெரியாம முழுங்குது', 'எங்கப்பா பக்கத்துல வந்து நின்னாத்தான் யாருன்னே கேக்குறாரு'. பெரியம்மா ஊக்குத் தைத்துக்கொண்டே கேட்பார். பிறகு அளவு நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுவார். முன்பக்கம் 'மார்பு 34, கை 9, பின்கழுத்து இறக்கம்'. பின்பக்கம் 'மேலத்தெரு ஓட்டு வீடு, வலது கண், ஆடு 4'.

அந்த 'ஆடு 4' என்ன என்று ஒருநாள் கேட்டேன். கிழவிகள் 'சாகப்போற காலத்துல கண்ணு எதுக்கு' என்றுதான் சொல்வார்களாம். நிஜக் காரணம் வேறாக இருக்கும். மதுரைக்குப் போனால் ஆட்டை யார் அவிழ்த்துக் கட்டுவது? உடுத்திப்போக நல்ல சேலை இருக்கிறதா? பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் யார் சோறு போடுவது? ஆட்டுக்கு ஆள் பிடித்துவிட்டால் கிழவி பஸ்ஸில் ஏறிவிடும். அதனால் கண்ணை எழுதும்போதே ஆட்டையும் எழுதிவைப்பார்.

திரும்பி வந்தபிறகு சொட்டு மருந்து. மணி பார்க்கத் தெரியாதவர்களுக்கு 'அரிசி மில் சங்கு ஊதுறப்ப ஒண்ணு, பள்ளிக்கூடத்துல சாப்பாட்டு மணி அடிக்கிறப்ப ஒண்ணு, கோயில் மணி அடிக்கிறப்ப ஒண்ணு' என்று சொல்லிக்கொடுப்பார்.

ரிட்டயர்டு வாத்தியார் · செவ்வாய், காலை 9.05

'ஆடு 4' படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் தம்பி.

முகாம் என்றதும் ஒன்று சேர்க்கிறேன். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் புரை எடுத்தால் கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது ஏழைகளுக்கு எட்டாத விலை. லென்ஸ் இல்லாமல் சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது உடைந்தால் மறுபடி பார்வை போச்சு. 1992-ல் அவர்களே ஆரோலேப் என்று ஆலை வைத்து மலிவு விலையில் லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆனால் மதுரையில் எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருந்தாலும் ஆலங்குடிக் கிழவியின் ஆட்டை அவிழ்த்துக் கட்ட ஆலங்குடியில்தான் ஆள் வேண்டும்.

நான் எழுத வந்தது அறிவொளி பற்றி. எழுத்தறிவு இயக்கம் எங்கள் மாவட்டத்துக்கு வந்தது 1991-ல். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். அறிவியல் இயக்கத்துக்காரர்கள், வாத்தியார்கள், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்பிள்ளைகள் என்று ஆயிரக்கணக்கில் தொண்டர்கள். பைசா சம்பளம் கிடையாது. ஒருவருக்குப் பத்துப் பேர் என்று கணக்கு. ராத்திரி எட்டு மணிக்கு அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்தால், நாள் முழுக்க நாற்று நட்ட பெண்கள் 'பட்டா', 'படி' என்று எழுத்துக் கூட்டுவார்கள், பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டே.

படிப்போடு சைக்கிளும் சேர்ந்தது எங்கள் மாவட்டத்தின் தனிக் கதை. தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும், பஸ் இல்லை. பெண்கள் சைக்கிள் பழகட்டும் என்று கலெக்டர் அதையும் இயக்கத்தில் சேர்த்தார், சைக்கிள் வாங்கக் கடன் ஏற்பாடும் நடந்தது. கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடிப் பெண்கள், டீச்சர்கள் எல்லோரும் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் விழுந்து எழுந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பலர் எடுத்தார்கள். பிள்ளையை முன்னால் பாரில் உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலி பேசிய ஆண்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதில் நானும் ஒருவன், அப்போது.

சைக்கிள்காரி மகள் · செவ்வாய், மதியம் 1.30

வாத்தியார் ஐயா ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த வகுப்பு எங்கே நடந்தது?

இழை தொடங்கியவர் சொல்கிற பெரியம்மா யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். எங்கள் காலனியில் அறிவொளி வகுப்பு எடுத்தது அவர்தான். என் அம்மா கையெழுத்துப் போடப் பழகியதும் சைக்கிள் பழகியதும் அவரிடம்தான். 45 வயதில் அவரும் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார், அதனால் இரண்டு பேரும் சேர்ந்தே விழுவார்களாம்.

முதல் வாரம் வகுப்பு முடிந்து எங்கள் வீட்டில் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் தெருவுக்கே தெரிந்துவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. தைக்கக் கொடுத்த துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 'அவசரமாத் தேவைப்படுது, டவுன்ல குடுத்துக்குறோம்' என்று ஒவ்வொருவரும் சிரித்துக்கொண்டே. மெஷின் ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடந்தது என்று அம்மா சொல்லும். எங்கள் காலனிப் பெண்கள்தான் பாவாடை, தலையணை உறை என்று கிடைத்ததை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

தீபாவளி வந்தது. டவுனில் தைத்த ஜாக்கெட் யாருக்கும் கைக்குழியில் சரியாக உட்காரவில்லை. ஒவ்வொருத்தராகத் திண்ணைக்குத் திரும்பி வந்தார்கள். அவர் எதுவும் கேட்கவில்லை, பழைய அளவையே வைத்துத் தைத்துக் கொடுத்தார். டீ குடிப்பதையும் நிறுத்தவில்லை.

பாராட்டுவது என்றால் இதையும் மேடையில் சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள் என்றால் மேடையே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை · செவ்வாய், மாலை 5.20

எல்லாம் நெகிழ்ச்சியாக இருக்கிறது. நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும்.

எழுத்தறிவு யார் வேலை? அரசாங்கத்தின் வேலை. தண்ணீர் யார் வேலை? உள்ளாட்சியின் வேலை. இதையெல்லாம் ஒரு தையல்கார அம்மா நாற்பது வருஷம் கூலியில்லாமல் செய்தார் என்றால், அதற்குப் பெயர் தொண்டா, சுரண்டலா? ஆண்கள் யாராவது இப்படி நாற்பது வருஷம் செய்திருக்கிறார்களா? செய்தால் நாலாம் வருஷம் வார்டு மெம்பருக்கு நிற்பார்கள்.

அந்த விஷயத்தில் 2021-ல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி' பரவாயில்லை. தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாயாவது கொடுத்தார்கள். குறைவுதான், ஆனால் வேலை என்று ஒப்புக்கொண்டார்கள்.

ரிட்டயர்டு வாத்தியார் · செவ்வாய், மாலை 6.10

கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. ஆனால் 1991-ல் சம்பளம் என்று அறிவித்திருந்தால் முதலில் பெயர் கொடுத்திருப்பவர்கள் செல்வாக்குள்ளவர்களின் பிள்ளைகள். காலனிக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போயிருப்பார்களா என்பது சந்தேகம். மற்றபடி, அந்த அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகைக்காவது யாராவது எழுதிக் கொடுத்தோமா என்று கேட்டால் எனக்கும் தலை குனிகிறது. விண்ணப்பத்தை நானே எழுதிக்கொண்டு வருகிறேன்.

கீழவீதி · செவ்வாய், இரவு 8.00

விருது பற்றி ஒரு வார்த்தை. மதுரைப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா தெரியும்தானே? களஞ்சியம் மகளிர் குழுக்களைக் கட்டியவர். ஸ்திரீ சக்தி விருது வாங்க டெல்லிக்குப் போனபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-ல் பத்மஸ்ரீ வந்தது. நிலமில்லாத பெண்கள் பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தைப் பதிவு செய்ய வைத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனுக்கு 2020-ல் பத்மபூஷண். இப்படி நாலு பேர் டெல்லி வரை தெரிகிறார்கள். தாலுகாவுக்கு ஒருவராவது தெரியாமலே இருக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி பிறந்த மாவட்டத்தில் இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

திருச்சியிலிருந்து · செவ்வாய், இரவு 11.35

இந்த இழையை என் மகள் அனுப்பினாள். தம்பி, உன் பெரியம்மாவின் மகள்தான் எழுதுகிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம்.

எல்லோரும் நல்லது எழுதியிருக்கிறீர்கள், எல்லாம் உண்மைதான். நான் வேறொன்று சொல்கிறேன். 1985-ல் எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. கணக்குப் பரீட்சை அன்று காலை அம்மா வீட்டில் இல்லை. முந்தின நாள் முகாமில் எடுத்த ஆட்களோடு மதுரைக்குப் போய்விட்டது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. பழைய சோற்றைப் பிழிந்து தம்பிக்கும் போட்டு நானும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அந்தக் கணக்கில் 41. அம்மா திரும்பி வந்ததும் என்னைக் கேட்கவில்லை, மேலத்தெருக் கிழவிக்குக் கண் தெரிகிறது என்று சொன்னது. நான் அன்றைக்குப் பேசாமல் இருந்தது இன்னும் எனக்குள் இருக்கிறது.

திண்ணையில் வந்து யார் என்ன சொன்னாலும் அம்மாவுக்குக் கேட்கும். உள்ளே இருந்து நான் கூப்பிட்டால் மெஷின் சத்தத்தில் கேட்காது.

ஏன் இப்படி ஓடியது என்றும் எனக்குத் தெரியும். எங்கள் அம்மாயிக்கு இரண்டு கண்ணிலும் புரை. முற்றினால் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வைத்திருந்தார்கள். கொண்டுபோனபோது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு போய்விட்டது, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னாராம். கடைசி ஏழு வருஷம் அம்மாயி சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தது. அந்தச் சுவரில் கைபட்ட இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்குக் கோடு. வெள்ளையடித்தும் தெரிந்துகொண்டே இருந்தது. அம்மாவின் மெஷின் அந்தச் சுவருக்கு எதிரில்தான் கிடந்தது.

கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொன்னாடை எல்லாம் போர்த்திவிடாதீர்கள், அதற்கு அது பிடிக்காது.

பலாச்சுளை · புதன், காலை 5.45

அக்கா, மன்னிச்சுக்கோ. கேட்டிருக்கணும். சுவர்க் கோடு எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அது எதனால் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

வடகாட்டான் · புதன், காலை 10.20

மொய் விருந்து யோசனை வந்ததால் வெளியூர்க்காரர்களுக்காக விளக்குகிறேன். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கமெல்லாம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, வாசலில் மேசை போட்டு ஆள் உட்கார்ந்து மொய் எழுதுவார். வருகிற பணத்தில் கிணறு வெட்டுவார்கள், கடை வைப்பார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். வட்டி கிடையாது. ஆனால் எழுதியவர் விருந்து வைக்கும்போது வாங்கியதைக் கூடுதலாகவே திருப்பிப் போட வேண்டும். போடாவிட்டால் ஊரில் தலை நிமிர முடியாது. கஜாவுக்கு அப்புறம் தென்னையும் பலாவும் சாய்ந்து கையில் காசில்லாமல் போனபோது, மொய் திருப்ப முடியாமல் முழி பிதுங்கியவர்கள் நிறையப் பேர்.

80 வயதில் அந்த அம்மா தலையில் மொய்ப் பாக்கியை ஏற்றுவது நியாயமா?

கணக்குப்பிள்ளை · புதன், காலை 10.45

வடகாட்டார் சொல்வதை வைத்தே கேட்கிறேன். நாற்பது வருஷமாக ஊர் அவரிடம் வாங்கித்தானே இருக்கிறது? கணக்குப்படி இது ஊர் திருப்பிப் போடுகிற மொய். அவர் தலையில் பாக்கி எப்படி ஏறும்?

வடகாட்டான் · புதன், காலை 11.00

மடக்கிட்டீங்க. பதில் இல்லை.

சைக்கிள்காரி மகள் · புதன், மதியம் 2.15

கஜா என்றதும் ஒன்று. 2018 நவம்பர் 16 விடியற்காலை. எங்கள் காலனியில் ஓடு ஒன்று மிச்சமில்லை. கரண்ட் வாரக்கணக்கில் இல்லை, மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. ஜெனரேட்டரை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தொட்டி நிரப்பினார்கள். நிவாரண லாரிகள் மெயின் ரோட்டில் வரும்போதே கை நீட்டியவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடும், உள்ளே வராது. இந்த அம்மா, அப்போது 72 வயது, ரோட்டில் விழுந்து கிடந்த பலாமரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, வந்த லாரியை எல்லாம் நிறுத்தி 'முதல்ல உள்ள போயிட்டு வா' என்று திருப்பினார். கையில் அதே அளவு நோட்டு. எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் மாசமான பெண் என்று.

பலாச்சுளை · வியாழன், இரவு 9.10

நேரிலேயே போய்க் கேட்டுவிட்டேன். நீங்கள் எழுதியது எல்லாவற்றையும் போனில் வாசித்துக் காட்டினேன், அக்கா எழுதியதையும் சேர்த்து. விட்டுவிடலாமா என்று யோசித்தேன், மனசு கேட்கவில்லை.

ஜாக்கெட் கதைக்குச் சிரித்தார். 'கைக்குழி வெட்டுறது அவ்வளவு லேசுன்னு நெனச்சாளுக' என்றார். 41 வந்ததும் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். 'நாப்பத்தொண்ணா? அறுபதுன்னுல்ல எங்கிட்ட சொன்னா' என்றார். அப்புறம் மேலே வாசிக்கச் சொன்னார்.

மொய் விருந்து வேண்டாமாம். கணக்குப்பிள்ளை கேட்டதையும் சொன்னேன். 'ஊருக்குச் செஞ்சதை நான் எழுதி வைக்கல. எழுதாத மொய்யை எப்படிடா திருப்புவாங்க?' என்றார். நோட்டு இருக்கிறதே பெரியம்மா என்றேன். அதில் கண் வாரியாக ஆட்கள் இருக்கிறார்கள், தான் செய்தது எதுவும் இல்லை என்று காட்டினார். உண்மைதான். புரட்டிப் பார்த்தேன், கதவு எண், கண், ஆடு, மாடு, பேரன்.

உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வருகிறேன் என்று வாத்தியார் சொன்னதாகச் சொன்னேன், சரி என்றார். விழா பற்றி மறுபடி கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார். மார்கழி கடைசி ஞாயிறு முகாம் இருக்கிறதாம். இந்தத் தடவை பஸ்ஸில் கூடப் போக முடியாது, முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. இதுவரை பதினேழு பேர் பெயர் சேர்ந்திருக்கிறது. ஆள் இல்லாமல் ஏற்றி அனுப்பினால் பாதிப் பேர் புதுக்கோட்டை தாண்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். 'விழாவுக்கு வர்றவுகள்ல ஒரு ஆளு அந்த பஸ்ஸுல ஏறட்டும்' என்றார்.

யார் போகிறீர்கள்?

திருச்சியிலிருந்து · வியாழன், இரவு 10.55

அறுபது என்றுதான் சொன்னேன். அடிக்குப் பயந்து.

சனிக்கிழமை ராத்திரியே ஊருக்கு வந்துவிடுகிறேன். லீவு சொல்லியாகிவிட்டது. பஸ்ஸில் நான் போகிறேன். அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

என்னென்ன எடுத்துவர வேண்டும்?

பலாச்சுளை · வியாழன், இரவு 11.20

அக்கா, நோட்டில் ஒரு பக்கம் அதற்கென்றே இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன். போர்வை வேண்டாம். மாற்று உடை ஒரு செட். சர்க்கரை உள்ளவர்களின் மாத்திரைச் சீட்டைப் பஸ் ஏறும்போதே கையில் வாங்கிக்கொள்ளணும். பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்களுக்கு எலுமிச்சம்பழம். வெற்றிலை போடுகிறவர்கள் இந்தத் தடவை மூன்று பேர், பையை முதலிலேயே தனியாக வாங்கி வைத்துவிடு, இல்லாவிட்டால் வார்டு ஜன்னலில் துப்பிவிடுவார்களாம். 'ஆடு' என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்றுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. இன்னொன்று காலனியில்.

சைக்கிள்காரி மகள் · வியாழன், இரவு 11.28

எத்தனை ஆடு?